பாலம் விழிக்கும் வரை

விளையாட்டு என்னிடம் முதலில் கேட்டது
பெயரை அல்ல.
"எந்தக் காலுக்கு முதலில் சாக்ஸ் போடுவீர்கள்?"
இடது என்றேன்.
"அப்படியா" என்றது திரை.
வேறொன்றும் சொல்லவில்லை.
அந்த அப்படியாவை
இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

யோயென்சூவில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன் நான்.
பனி விழுந்தால் வேலை,
விழாவிட்டால் காத்திருப்பு,
காத்திருப்புக்குப் பாதிச் சம்பளம்.
அக்கா மகள் பிஹ்லா அனுப்பிய பிறந்தநாள் பரிசு இது.
யாரோ இரண்டு பேர் ஒரு சலவைக்கடை மாடியில்
ஆறு வருடம் உட்கார்ந்து செய்ததாம்.
இருவருக்குமே நாற்காலி வரைய வராது என்பது
முதல் அறையிலேயே தெரிந்துவிட்டது.

நாயகன் ஒரு குடை ஆய்வாளர்.
வாள் கிடையாது, ரசீதுப் புத்தகம்.
துணைக்கு ஒரு கெட்டில்; தன்னைக் கர்னல் என்று சொல்லிக்கொள்கிறது.
உயிர் மூன்று புள்ளி.
கோபம் வந்தால் கொதிக்கும், கொதித்தால் ஒன்று குறையும்.
எங்கள் டிப்போ மேலாளர் ஹெய்னோவை நினைத்துக்கொண்டேன்.

சொல்லித்தர ஓர் அந்துப்பூச்சி.
"குதிக்க, வட்டப் பொத்தான்."
அழுத்தினேன். குடை விரிந்தது.
"மன்னிக்கவும், முக்கோணம்."
அழுத்தினேன். அழுதார் ஆய்வாளர்.
"இந்த ஆளுக்குக் குதிக்கவே வராது போல"
என்று பூச்சி விளக்கைப் பார்க்கப் போய்விட்டது.

முதல் சண்டை ஓர் அலமாரியோடு.
அடித்தேன்.
கதவைத் திறந்து, கை வலிக்கிறதா என்று கேட்டது.
பேரம் பேசினேன்.
ரசீதுப் புத்தகத்தில் பாதியைத் தின்றது.
மிச்சமிருந்த வழி: தும்மு.
தும்மினேன்.
உள்ளே தொங்கிய பதினான்கு கோட்டுகளும்
ஒரே குரலில் "நூறு!" என்றன.
நூறு புள்ளி ஏறியது.
சமையலறையில் தனியாகச் சிரித்தேன்.
ஃபிரிட்ஜ் ஒரு கணம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது.

குறைகள் உண்டு, மறைப்பானேன்.
பையில் ரொட்டியைவிட மன்னிப்பு கனக்கிறது;
மூன்று சேர்ந்தால் நடக்க முடியாது.
வரைபடம் ஒரு கைக்குட்டை;
யாராவது மூக்கைத் துடைத்தால் வடக்கு இடம் மாறும்.
சீப்பில் காகிதம் வைத்து ஊதிய இசை.
இரண்டாம் மணிநேரத்தில் அதை நிறுத்தினேன்,
மூன்றாம் மணிநேரத்தில்
நானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பாலம்.
ஆற்றின் குறுக்கே குப்புறப் படுத்துத் தூங்கியது.
தூங்கும் பாலத்தில் ஏறக் கூடாது, ஊர்ச் சட்டம்.
கர்னல் கொதித்தார். உயிர் இரண்டு.
தும்மினேன். புரண்டு படுத்தது.
எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன்,
ஆய்வாளர் நிறைய அழுதார்.
கடைசியில் சலித்துப்போய்
கருவியை மேசைமேல் வைத்தேன்.
திரை மூலையில் சின்ன எழுத்து:
காத்திருத்தல், நிலை ஒன்று.

காபி போட்டேன். நிலை இரண்டு.
முப்பத்தொரு வருடம் பார்த்த வேலை,
ஒருவரும் இதற்குப் புள்ளி தந்ததில்லை.
நிலை ஏழில்
ஜன்னலுக்கு வெளியே, தெருவிளக்கின் கீழ் ஏதோ மிதந்தது.
அந்துப்பூச்சி என்று நினைத்தேன்.
பனி.

நிலை ஒன்பது.
பாலம் ஒரு கண்ணைத் திறந்தது.
ஃபோன் அடித்தது.
அந்தப் பக்கம் ஹெய்னோ கொதித்துக்கொண்டிருந்தார்.

எப்படிச் சேமிப்பது என்று பூச்சி சொல்லவே இல்லை.
அப்படியே விட்டுவிட்டு
சாக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
இடது கால், பிறகு வலது.
அப்படியா.

காலை நான்கு.
பீலிஸ்யோகி ஆற்றுப் பாலத்தின் மேல்
இந்த வருடத்து முதல் பனி,
ஒரு தடம் இல்லாமல்.
கத்தியை இறக்கவில்லை.
விளக்கைத் தணித்து
வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

இன்னும் ஒரு நிமிடம்.
பாதிச் சம்பளமா முழுச் சம்பளமா என்று
ஹெய்னோ பிறகு கணக்குப் பார்க்கட்டும்.