பிப்ரவரி, ஓர்சா காடு

பனியை விலக்கிக் குகைவாயில் குனிகிறாள் குன்வோர்.
உள்ளே மயக்க ஊசியில் ஒரு பெண்கரடி.
நாலு மாதமாய் அன்ன ஆகாரமில்லை,
சொட்டு மூத்திரமில்லை,
புரண்டு படுத்தால் உண்டு.

தொடையை அமுக்கிப் பார்க்கிறாள்:
நேற்று ஓடிய கால்.

கொழுப்பை எரித்தே குளிர் காய்கிறது உடம்பு.
வெளியேற வேண்டிய யூரியாவையும்
வழியில் மடக்கித்
தசைக்கே திருப்பி அனுப்புகிறது,
விதைநெல்லில் கைவைக்காத வீடு.

குன்வோருக்குப் போன இலையுதிர்காலத்தில்
ஆறு வாரம் மாவுக்கட்டு.
வழுக்கியது சமையலறையில்தான்.
கட்டைப் பிரித்த அன்று
கெண்டைக்கால் யாருடையதோ போலிருந்தது.
மூன்று வேளையும் தின்றுதான் இளைத்தது அது.

ரத்தக்குழாயில் தேதி எழுதுகிறாள்.
வெளியே எஸ்கில் கத்துகிறான்: நேரமாச்சு,
விழித்துக்கொள்ளும்.

எழ முடியவில்லை.
கரடியின் தோளில் கை ஊன்றி
எழுகிறாள்.