இந்த வருஷம் நாலு குயர்

நான் சேர்ந்த புதிதில் ஒரு குயர் நோட்டு போதும்,
பின்பக்கங்களில் காய்கறிக் கணக்கு எழுத
எனக்கு இடம் மிஞ்சும்.
இந்த வருஷம் நாலு குயர்;
ஆடி பிறப்பதற்குள் பாதி தீர்ந்துவிட்டது.
ஆர்ம்ஸ் ரோட்டில் இந்த மாடி ஏறுகிறவர்கள்
பிள்ளையின் பெயருக்கு முன்னால்
காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.
என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

செல்போன்தாங்க, என்கிறார் பெருங்குடி அப்பா,
செல்போனிலிருந்து கண் எடுக்காமல்.
அவர் மனைவி வாய் திறப்பதில்லை:
முப்பத்தெட்டு வயதில் பெற்றாள் என்பதுதான்
மாமியார் வீட்டில் முடிவான காரணம்.
அப்பா வயசையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள் என்று
டாக்டர் பூர்ணகலா சொன்ன அன்று
அந்த அம்மா முதன்முதலாக
ஃபேனுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தார்.

மணலிக்காரர் காற்றைச் சொல்கிறார்.
முகப்பேர்க்காரர் கிரகணத்தை.
சலுகைக்காக எல்லாரும் பெயர் வாங்குகிறார்கள் என்று
ஒருவர் சத்தம் போட்டார்;
மறுவாரம் அந்தச் சர்ட்டிஃபிகேட்டுக்கு
கே.எம்.சி. வரிசையில்
மகனைத் தோளில் போட்டு மூன்று நாள் நின்றார்.
தடுப்பூசியா என்று கேட்டவரிடம் மட்டும்
டாக்டர் பேனாவை மூடிவைத்து
இல்லை என்றார்.
மற்றதற்கெல்லாம்
கொஞ்சம் இருக்கலாம், இன்னும் தெரியலை, என்பார்.
அவருடைய கொஞ்சம் யாருக்கும் போதவில்லை.

காசிமேட்டு ரெபேக்கா,
பையன் வீசிய செருப்பை பெஞ்சுக்கடியில் துழாவிக்கொண்டே:
"வலைக்கண்ணு சின்னதாயிடுச்சு மேடம்.
முன்ன நழுவிப் போனதெல்லாம் இப்ப மாட்டுது."
செருப்பு கிடைத்தது. நிமிர்ந்தாள்.
"ஆனா கடலும் முன்ன மாதிரி இல்ல."
டாக்டர் சிரிக்கவில்லை.
இரண்டையும் எழுதிக்கொண்டார்.

நழுவிப் போனது என்றதும்
எனக்கு சற்குணம் அண்ணன்.
அயனாவரம் டிப்போ வாசலில்
பஸ் நம்பர்களைக் கூட்டிக்கொண்டே நிற்பான்;
ஒன்பது வந்தால் கைதட்டல்.
குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில்.
ஐந்தாம் வகுப்போடு அனுப்பியபோது
ஹெட்மாஸ்டர் சிவப்பு மையில் எழுதியது
ஒரே வார்த்தை: மந்தம்.
ரேஷன் கார்டைத் தவிர
எந்தக் கணக்கிலும் அவன் ஏறியதில்லை.
ஆறாம் மாதத்தில் சாவு வீட்டுக்குப் போனாளே,
அதனால்தான் என்று அப்பா தீர்த்துச் சொன்னார்.
அம்மா அதை நம்பியே செத்தாள்.
எங்கள் வீட்டில் அப்போது
காரணம் இருந்தது,
பெயர்தான் இல்லை.

நேற்று மாதக் கடைசி.
ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தப்போகும் நேரம்,
பக்கத்தின் கடைசி வரியில்
பென்சிலால் எழுதினேன்:
சற்குணம். வயது ஐம்பத்துநாலு.
அனுப்பியவர் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பென்சில் நின்றது. தங்கை.

இன்று காலை டாக்டர் கூட்டிப் பார்த்தார்.
விரல் வைத்து மறுபடியும் கூட்டினார்.
"ஒண்ணு கூட வருதே?"

பழசு மேடம், என்றேன்.