வரிசை எண் 412

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்.
அதனால் டாக்டர் ஒடில் வுவாரோல்
எங்கள் பட்டியலில் இரண்டு பேர்.
ஜெர்மன் தெருக்காரர் பதில் சொல்லிவிட்டார்.
பிரெஞ்சுத் தெருக்காரர்
மறுத்துவிட்டதாகக் குறித்திருக்கிறது.

காலையிலிருந்து இது நாற்பதாவது அழைப்பு.
காது நிபுணரின் எண்ணில்
நாய்களுக்கு முடிவெட்டும் கடை.
குழந்தை மருத்துவர் தொழிலை விட்டுவிட்டு
ஏரிக்கரையில் ஒயின் விற்கிறாராம்,
குரலில் அப்படியொரு குஷி.

தொண்ணூற்றாறு சதவீதம் துல்லியம் என்று
பட்டியலை விற்றவன் தந்த தாள்
என் திரைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.
மிச்ச நாலையும்
என் பங்குக்கே தள்ளிவிட்டார்கள் போல.

412. டாக்டர் ஹன்ஸ்யோர்க் எக்லி. இதயம்.
எடுத்தது ஒரு பெண்.
"அவர் மார்ச் மாதம்..." என்று நிறுத்தி,
"எத்தனை கேள்வி?" என்றாள்.
பன்னிரண்டு.
"நான் சொல்லலாமா? இருபத்தாறு வருடம்
அவருடைய வரவேற்பு மேசையில் இருந்தவள்.
இந்த எண் இப்போது என் வீட்டுக்கு வருகிறது."

கூடாது. விதி அப்படி.
வாரத்துக்கு எத்தனை நோயாளிகள் என்று கேட்டேன்.
வாய்க்குள் எண்ணினாள்.
படியேற முடியாதவர்களைத் தேடி
வெள்ளி மாலை அவர் போய்வந்த வீடுகளைத்
தனியாகக் கூட்டிச் சொன்னாள்.

பன்னிரண்டும் முடிந்தது.
எதையும் சேமிக்கவில்லை.
திரையில் இருப்பது மூன்று கட்டம்:
சரியான எண், தவறான எண், பதிலில்லை.

முதலாவதை அழுத்தினால்
அடுத்த காலாண்டில் வேறு யாராவது
மறுபடி அவரைக் கேட்டு அழைப்பார்கள்.
வைப்பதற்கு முன் அதையும் சொன்னேன்.

அழைக்கட்டுமே, என்றாள்.