சட்டப்படி

ஓல்டனுக்கு இரண்டு நிலையம் தள்ளி, ஆரே நதியோரச் சிறுநகரம்.
என் பையில் எண் காட்டும் ரசமட்டம், அளவுநாடா,
கதவின் பிடிவாதத்தை நிறுக்கும் சின்னத் தராசு,
ஒரு வாழைப்பழம்.
சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டுவிட்டுக் குனிகிறேன்.
ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே
பதினெட்டு சென்டிமீட்டர்.

அந்தப் பதினெட்டில்
ஒரு நேர்முகத்தேர்வு விழுந்து போகலாம்,
ஒருத்தியின் முதல் சந்திப்பு,
ஒரு சாவீடு.
அறிக்கையில் அப்படியெல்லாம் எழுத முடியாது.
'இடைவெளி 180 மி.மீ.' என்று எழுதிப் பழத்தை உரிக்கிறேன்.

படி, படி என்றார்கள் வீட்டில்.
பள்ளி வாசலில் ஒன்பது இருந்தன.

இந்தச் சொல் தமிழில் எங்கு திரும்பினாலும் இடறுகிறது.
வாசற்படி சரி. பயணப்படியில், கீழ்ப்படியில்,
'எப்படி இருக்கிறாய்' என்று அன்பாய்க் கேட்கும் வாயிலும் ஒன்று.

நகரசபையில் திரு. ஏகெர்ட்டர் காப்பி ஊற்றித் தந்தபடி சொன்னார்,
ஜெர்மனில்தான்:
"படிப்படியாகச் செய்வோம், நிரோஜினி அம்மையாரே."
சட்டம் இருபது ஆண்டு தந்தது. இருபதும் முடிந்தது.
ரெக்யூலா, என் கூட்டாளி,
வெள்ளைப் பிரம்பை மேசைமேல் மெல்ல வைத்தாள்.
"குறிப்பெடுப்பவரின் பேனா நின்றுவிட்டது.
இருபது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்."
பேனா மறுபடி ஓடும் சத்தம்
எனக்கும் கேட்டது அன்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில்.
தொழிற்பேட்டையில் முன்பு டயர்க் கிடங்கு.
டயர்கள் தாமாகவே உருண்டு உள்ளே போன காலத்தில்
வாசலில் படியே இல்லை.
சாமி குடிவந்த பிறகுதான்
மூன்று கட்டினோம்.

தலைவர் சொன்னார்: "ஏன் பிள்ளை வீண் செலவு?
நாலு பொடியள் தூக்கிவிடுவாங்கள்."
தூக்கினார்கள், பதினேழு வருடம்.
எங்கே பிடிக்கலாம் என்று ஒருவரும் கேட்டதில்லை.
உற்சவமூர்த்திக்கே
ஆண்டுக்குப் பத்து நாள்தான் இந்த உபத்திரவம்.

அளந்தேன். ஆறு பக்க அறிக்கை.
கூடவே விலைச்சீட்டு: ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பிராங்.
"கோயிலுக்குமோ?"
"ஐயருக்குத் தட்சணை குடுக்கிறியள்.
மேளத்துக்குக் குடுக்கிறியள்."
"அது அவையின்ர தொழில்."
"ஓம்" என்றேன்.
வெகுநேரம் யாரும் பேசவில்லை.
மடப்பள்ளியில் யாரோ வடைச் சட்டியை நகர்த்தினார்கள்.

இரண்டு தவணையில் காசு வந்தது.
ஆவணியில் தொலைபேசி: "வந்து பார் பிள்ளை."

ஒரு வார இறுதியில் தாங்களே ஊற்றிய சிமெந்துச் சரிவு.
கைப்பிடிக்குத் தண்ணீர்க் குழாய்,
கடையின் விலைத்துண்டு ஒட்டியபடி.
அதற்குள்ளேயே அதில் ஏறிக்கொண்டிருந்தன
வாழைக்குலை ஏற்றிய தள்ளுவண்டி,
இரட்டைக் குழந்தைகளின் வண்டி.
முழங்கால் அறுவை முடிந்த தவில்காரர்
பக்கவாட்டில், நண்டு மாதிரி.

ரசமட்டத்தை வைத்தேன்.
நூற்றுக்குப் பதினொன்று.
ஆறுக்கு மேல் ஆகாது.

பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல நின்றார்கள்,
எல்லார் நகத்திலும் சிமெந்து.
பாராட்ட வேண்டும் என்று எனக்கும் தெரியும்.
"பிழை" என்றேன்.
"இன்னும் மூன்று மீட்டர் அறுபத்தைந்து நீள வேணும்."

அறுபத்தைந்தாவது சென்டிமீட்டரில்
தலைவரின் கார் நின்றது.
அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
தவில்காரரின் காலைப் பார்த்தார்.
நான் அளவுநாடாவின் நுனியை நீட்டினேன்.
குந்தியிருந்து வாங்கிக்கொண்டு,
கொஞ்சம் கோபமாகத்தான்,
"எவடத்தில பிடிக்கிறது?" என்றார்.