கைதட்டல் ஒத்திகை

உட்கார்வது என் தொழில்.
நாளைக்கு எட்டரை மணி நேரம், காலாங் வழியாக,
இரட்டைத் தட்டுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில்.
அதனால் அழைப்பு வந்தபோது சிரித்துவிட்டேன்:
புதிய உள்ளரங்கம், திறப்பு விழாவுக்கு முன்
நான்காயிரம் பேர் தேவை,
வந்து உட்கார்ந்தால் போதும்,
ஒரு காயா பன்னும் தண்ணீர்ப் போத்தலும் உண்டு.

மூன்று வருஷமாக இதை
சிவப்பு விளக்கு சிவப்பு விளக்காகத்தான் பார்த்தேன்.
ஒரு சிவப்பில் பாரந்தூக்கி,
இன்னொன்றில் விலா எலும்புகள்,
மழை கொட்டிய ஒரு சிவப்பில் திடீரென்று கூரை.
பச்சை விழுந்தபின் திரும்பிப் பார்க்க
எனக்கு அனுமதியில்லை.

உள்ளே புதுக் கம்பளப் பசையின் வாடை.
பிரிவு 214, வரிசை கே, இருக்கை 19.
இடப்பக்கம் எங்கள் புளோக்கின் திரு. போ,
மின்தூக்கி பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்.
வலப்பக்கம் ரொஹானா, மடியில் ஒன்று, தோளில் ஒன்று.
படிவம் கேட்டது: இருக்கை வசதியா,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?
நான்கு போட்டேன்.
முதுகின் கீழ்ப்பகுதியை யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.
முழங்காலைத்தான் மறந்துவிட்டார்கள்.

காலையில் எல்லாக் கழிப்பறைகளிலும்
ஒரே நொடியில் தண்ணீர் இழுத்துப் பார்த்தார்களாம்.
கட்டடம் தாங்கிவிட்டது.
இப்போது எங்கள் முறை.

ஒலிப் பொறியாளர் சின்னப் பையன்,
மைக்கில் மன்னிப்புக் கேட்கிற குரல்:
"முதலில் ஒரு நிமிடம் அமைதி. பிறகு கைதட்டுங்கள்.
நடுவில் ஏதோ அற்புதம் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்."

நடுவில் வெறும் தரை.
ஒரே ஓர் ஆள் மண்டியிட்டு
பூப்பந்துக்குக் கோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.
தட்டினோம்,
கல்யாண விருந்தில் யாரென்று தெரியாத
பேச்சாளருக்குத் தட்டுகிற மாதிரி.
"இன்னும் கொஞ்சம்," என்றார்.
இன்னும் கொஞ்சம் பொய் சொன்னோம்.

அடுத்த அமைதியில்தான்
அந்த ஆளின் கையிலிருந்து நாடாச் சுருள் நழுவியது.

விளிம்பில் நின்று ஓடத் தொடங்கியது,
அவசரமில்லாமல்,
போகிற இடம் தெரிந்த மாதிரி.
அவர் எழுந்தார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும்,
நொண்டிக்கொண்டே பின்னால்.
முதல் ஆடுகளம். இரண்டாவது.
நான்காயிரம் கழுத்துகள் ஒரே பக்கம் திரும்பின.
திரு. போ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.
பாய்ந்தார், விரல் தொட்டது, சுருள் விலகியது,
ஐயோ என்றது அரங்கம்,
மலாயிலும் ஹொக்கியனிலும்
எனக்குத் தெரியாத இன்னும் சில மொழிகளிலும்.
மூன்றாவது ஆடுகளத்தின் ஓரத்தில்
தள்ளாடி, சாயப் போய், சாயாமல்,
அவர் காலணிக்கடியில் அடங்கியது.

நான் எழுந்து நின்றிருந்தேன்.
எப்போது எழுந்தேன் தெரியாது.
கை எரிந்தது. ரொஹானாவின் சின்னவன்
அழுதான், பிறகு அவனும் தட்டினான்.
அந்த ஆள் எங்களைப் பார்த்தார்,
தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தார்.

"தயவுசெய்து, தயவுசெய்து," என்றார் பொறியாளர்,
"இந்த அளவீடு செல்லாது. மறுபடியும்."

மறுபடியும் தட்டினோம், சொன்ன நேரத்தில், சரியாக.
ஏட்டில் இருப்பது அதுதான்.

இன்று பிற்பகல் அதே சிவப்பு விளக்கு.
வெளிச்சுவரில் முதல் கச்சேரிக்காக
ஒரு பெரிய முகத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
கண்வரை வந்திருந்தது.
மேல்தட்டில் யாரோ மணி அடித்தார்கள்.
முழங்கால் இன்னும் வலிக்கிறது.
மூன்று போட்டிருக்கலாம்.