நாதாங்கி

செல்லூரில் எங்கள் சந்துக்கு எண்கள் இரண்டு வகை.
பழைய பதினாலு நான்.
புதிய பதினாலு, குழாயடி தாண்டி
மூன்று வருஷமாய்ப் பூட்டிக் கிடக்கிற வீடு.

ராத்திரி இரண்டே முக்காலுக்கு
பூட்ஸ் கால் எண் பார்ப்பதில்லை.
சோணைமுத்து எழுந்து லுங்கியைத் தேடுமுன்
கட்டிலுக்கடியில் ஐந்து டார்ச் வெளிச்சம்.
"பிச்சைக்கனி எங்கடி?"
எந்தப் பிச்சைக்கனி?
காகிதம் இருக்கா சார் என்று கேட்டேன்.
ஒருத்தர் சிரித்தார்.
போகிற போக்கில்
விடிந்தால் விற்க வேண்டிய முப்பது லிட்டர் மாவை
உதைத்துவிட்டுப் போனார்.
பொங்கிக்கொண்டிருந்த மாவு.
படி இறங்கி, சாக்கடை வரை
தானாகவே நடந்துபோனது.

புகார் கொடுத்தேன்.
(அதை வாங்க வைத்த கதை தனி.)
பதினெட்டு மாதம் கழித்துச் சொன்னார்கள்:
கடமையின்போது செய்தது,
அரசு அனுமதி தராமல் வழக்கு நடக்காது.
அனுமதி கேட்டு எழுதினோம்.
பரிசீலனையில் உள்ளதாம்.

பிச்சைக்கனியைத் தேடியது கடமை, சரி.
கதவை உடைத்ததும்கூட, வைத்துக்கொள்ளுங்கள்.
மாவு எந்தப் பிரிவில் வருகிறது?
வாளிக்குள்ளா ஒளிந்திருந்தான்?

டீக்கடையில் வக்கீல் ஜெசிந்தா சொன்னார்:
அக்கா, இதே மதுரையில்தான்
ராத்திரி ஒரு வீட்டுக் கதவைத் தட்டின குற்றத்துக்கு
தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான் ஒரு ராஜா.
நான் சொன்னேன்,
அவன் தட்டவாவது செய்தான்.

இன்றைக்கு ஒத்தக்கடை பஸ்ஸில்
என் மடியில் மஞ்சள் பை.
உள்ளே வளைந்த நாதாங்கி, நாலு ஆணி,
ஆணியோடு பிய்ந்து வந்த கதவின் சில்லு.
புதுசு போடட்டுமா என்று கேட்டுக் கேட்டு
ஆசாரி ஓய்ந்துவிட்டார்.
சாட்சி என்று ஒன்று வேண்டுமே.
இரண்டு வருஷமாய்க் கதவுக்கு முட்டு
ஆட்டுரல் குழவிதான்.
கிரைண்டர் வந்தபிறகு அதற்கும் வேறு வேலையில்லை.

நீதிமன்ற வாசலில் ஒரு பெண் போலீஸ்,
என் மகள் வயசுதான் இருக்கும்,
பையைத் திறந்து இரும்பை எடுத்து
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதெல்லாம் அனுமதி இல்லாம
உள்ள கொண்டுபோக முடியாதும்மா."

அப்படியா, என்றேன்.
அப்படித்தானே தாயி இருக்கணும், என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
எனக்குப் பின்னால் வரிசை நின்றது,
யாரோ நகரச் சொன்னார்கள்.