தலையெழுத்து

புந்தா அரேனாஸில் காற்று
தெருமுனை திரும்பும்போது ஆளைத் தள்ளும்.
பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
நான் பிடிப்பதில்லை.
முப்பத்தொரு வருடம்
பத்திர அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள்.
ஓர் எழுத்து பிசகி
ஒரு மான்சில்யாவின் வீடு
இன்னொரு மான்சில்யாவுக்குப் போனதைப் பார்த்தவள்.
எழுத்தெண்ணிப் படித்தவள்,
எண்ணாமல் படிக்கத் தெரியாதவள்.

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு.
அதன் பெயர் ஆச்சே.
ஓசை கிடையாது. நாக்குக்கு அதோடு ஒரு வேலையும் இல்லை.
இருந்தாலும் சில சொற்களின் வாசலில்
மேல்கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும்.
பசிக்கு முன்னால்,
பனிக்கட்டிக்கு முன்னால்,
எலும்புக்கு, இன்றைக்கு,
மகனுக்கு முன்னால்.
என் பெயரும் அதில்தான் தொடங்குகிறது:
எர்மினியா.
கூப்பிடுகிற யாருக்கும் அது கேட்டதில்லை.

வியாழன் இரவு பதினொன்றே கால்.
தெருக்காரர் குழுவில் ஒத்தீலியா எழுதினாள்:

*என் மகன் யெர்க்கோ நன்டுப் படகுல போயி*
*நாலு நாள் ஆச்சே யாறாவது பாத்தீங்கலா*

கண் நேராக மகனிடம் போனது.
மகனிடம் அல்ல, அந்தச் சொல்லிடம்.
தலையெழுத்து இல்லாமல்
வெறுந்தலையோடு நின்றது அது.
என் விரலுக்கு யாரும் கட்டளையிட வேண்டியதில்லை.
ஒரு நட்சத்திரம் போட்டு
முன்னால் அந்த ஊமையை வைத்து அனுப்பினேன்:

*\*ஃமகன்.*

முற்றுப்புள்ளியோடு.

எதிர்வீட்டுப் பல் மருத்துவர் சிரிக்கும் முகம் ஒன்று போட்டார்.
அவர் மனைவி மூன்று.
பிறகு யாரும் எதுவும் போடவில்லை.
ஜன்னல் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஒத்தீலியா ஆலையில் நண்டுக்கால் உடைப்பவள்.
உப்பிலும் ஓட்டிலும் வெடித்த விரல்கள்.
கைபேசித் திரை அவற்றை
விரல்களென்று ஒப்புக்கொள்வதே இல்லையாம்,
மூன்று தடவை அழுத்தினால் ஓர் எழுத்து விழுமாம்.
இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.
அன்றிரவு தெரிந்ததெல்லாம்
பன்னிரண்டே முக்காலுக்கு வந்த அடுத்த செய்தி:

*ஃமண்ணிக்கனும் ஃஅம்மா*
*ஃஎன் ஃமகன் ஃயெர்க்கோ ஃநன்டுப் ஃபடகுல ஃபோயி*
*ஃயாறாவது ஃபாத்தீங்கலா*

எது எங்கே வரும் என்று தெரியாமல்
எல்லாவற்றுக்கும் ஒன்று மாட்டிவிட்டிருந்தாள்.
ஒன்றரை மணி நேரம்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று அழுத்து.

நான் கணக்குப் போட்டேன். வேறென்ன தெரியும் எனக்கு.

என் முதலாளி தோன் ஸ்லாவ்கோ
ஒரு பக்கக் கடிதத்தில் ஏழெட்டு விடுவார்.
அதற்குப் பெயர் அவசரம்.
நான் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுக்
காப்பியோடு கையெழுத்துக்கு வைப்பேன்.
அவருக்கு நட்சத்திரம் போட்டதில்லை.

விளக்கை அணைத்துப் படுத்தேன்.
ஜலசந்திப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.
ஓசையற்ற எழுத்து என்கிறோமே,
அது நிற்கிற இடத்தில்
மூச்சாவது இருக்குமா என்று
இருட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்.
இல்லை.
வாய் சும்மா திறந்து மூடியது,
கரையில் கிடக்கும் மீனைப் போல.

சனிக்கிழமை விடிகாலை குழுவில் புது எண்:

*வந்துடேன் எஞ்சின் மக்கர் அம்மாவ எளுப்பாதிங்க*

ஐந்து சொல், மூன்று பிழை. வந்துடேன் ஒன்று, எளுப்பாதிங்க இரண்டு.
எண்ணினேன்தான்.
தட்டினேன் கூட. அழித்தேன்.
பல் மருத்துவர் கைதட்டும் கைகள் போட்டார்,
அவர் மனைவி மூன்று.

மார்ச்சில் ஒத்தீலியா ருபார்ப் ஜாம் விற்றாள்.
ஒன்று சொன்னேன்.
கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
சில்லறையை இரண்டு முறை எண்ணினாள்.
மூடியில் வாங்குகிறவர் பெயர்,
நீல மையில், பெரிய பெரிய எழுத்தாக.
என் பெயரில் தலையெழுத்து இல்லை.

கூப்பிட்டால் எப்படிக் கேட்குமோ அப்படியே எழுதியிருந்தாள்.
பேனா பையில்தான் இருந்தது.
தெருமுனையில் காற்று தள்ள,
ஒரு கையில் ஜாடி,
இன்னொரு கையால்
கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்